நீங்க முன்னாடி போங்க

முதல் பெயரை நஸ்ரின் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

"ஸ்ரேயா," என்றாள். அவ்வளவுதான். லெக்சரர் ரமா என்டரைத் தட்டினாள். திரையில் ஸ்ரேயா என்று வந்தது. லேபே ஓ போட்டது. ரமாவும்தான் சிரித்தாள். ஏதோ குருட்டாம்போக்கில் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தாள்.

இரண்டாவது பெயருக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் குறைச்சலாக. மூன்றாவதுக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான்காவதுக்கு ரமா நஸ்ரினை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தட்டினாள். பின்னே? இவள் தட்டுவதற்கு முன்பே அந்தப் பெண் பெயரைச் சொல்லிவிடுகிறாள். தட்டினால் அட்சரம் பிசகாமல் அதே பெயர் வருகிறது. இதில் இன்னொரு வேடிக்கை, நஸ்ரின் திரையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் தலையைத் திருப்பி பெஞ்சுகளை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு வாயைத் திறப்பாள்.

எட்டாவதுதான் கடைசி. அதற்கு மட்டும் அவள் எங்கேயும் திரும்பவில்லை.

"சாய்கிருஷ்ணா," என்றாள். அவன் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ரமா தட்டினாள். சாய்கிருஷ்ணாதான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

காலை பதினோரு மணி. கம்ப்யூட்டர் சயன்ஸ் இறுதி ஆண்டுக்கு செமினார் இடம் ஒதுக்குகிற நாள். மற்ற செமினாரையெல்லாம் யாரும் சீந்துவதில்லை. பேராசிரியர் சூசைராஜ் நடத்துகிற செமினாருக்குத்தான் அடிதடி. காரணம் ஊரறிந்தது. மாதாப்பூரில் இருக்கிற ஒரு பெரிய கம்பெனி அந்த செமினாருக்குப் பணம் கொடுக்கிறது, அதில் உட்காரும் எட்டுப் பேரையும் படிப்பு முடிவதற்குள் கொத்திக்கொண்டு போய்விடுகிறது. அறுபது பேருக்கு எட்டு இடம். 2004-இல் ஹைதராபாத்தில் அந்த எட்டுக்குள் வருவது என்றால் சும்மாவா!

முன்பெல்லாம் மார்க்கைப் பார்த்துக் கொடுத்தார்கள். அப்புறம் யார் யாரோ போன் பண்ண ஆரம்பித்தார்கள். மந்திரியின் பி.ஏ., கம்பெனி மேனேஜர், கல்லூரி முதலாளியின் மச்சான். அதை ஒழித்தவள் ரமாதான். நாலு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு, குலுக்கல் ப்ரோக்ராம் ஒன்று எழுதி, ஃபிளாப்பியில் போட்டுத் தன் பீரோவில் பூட்டிவைத்தாள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் ரோல் நம்பரைத் தங்கள் கையாலேயே அடிக்க வேண்டும். நாளைக்கு யாரும் என் நம்பரை விட்டுட்டீங்க என்று வரக்கூடாது பாருங்கள். அடித்த கையோடு அதே வரிசையில் போய் உட்கார வேண்டும். வராதவர்களின் நம்பரைக் கடைசியில் வகுப்புப் பிரதிநிதி அடிப்பான். ஆக, வருஷா வருஷம் அறுபது நம்பர். பிறகு கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு எட்டை எடுக்கும். "மிஷினுக்கு மாமா கிடையாது, மச்சான் கிடையாது," என்று ரமா எல்லா வருஷமும் சொல்லுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் இப்போது அறுபது பேர் முன்னால் சந்தி சிரித்தது.

"நஸ்ரின், எழுந்திரு. என் ஃபிளாப்பியை எடுத்தியா?"

"இல்ல மேடம்."

"எடுக்காம எப்படி எட்டுப் பேரையும் சொன்னே? திருடாம எப்படித் தெரியும்?"

வாய் தவறி வந்த வார்த்தை. வந்தது வந்ததுதான். திருடி என்று அர்த்தமாகிற ஒரு கேள்வியை எல்லோர் முன்னாலும் கேட்டாயிற்று. நஸ்ரின் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

துறைத் தலைவர் ராகவேந்திராவுக்கு விஷயம் போக பத்து நிமிஷம் ஆகவில்லை. சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகவே வரும், கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும்.

"நாலு மணிக்குள்ள எப்படி நடந்ததுன்னு எனக்குச் சொல்லணும் ரமா. இல்லன்னா அந்தப் பொண்ணை கமிட்டிக்கு அனுப்பிடுவேன். பேப்பர் திருட்டுக்கு என்ன தண்டனையோ அதேதான் இதுக்கும். இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது. புரியுதா?"

"ஆனா சார், அவ பேரே அந்த எட்டுல இல்லையே? திருடினவ தனக்கு எடுத்துக்க மாட்டாளா?"

"மத்தவங்களுக்காகப் பண்ணியிருப்பா. நீங்கதானே திருட்டுன்னு சொன்னீங்க?"

ஆமாம், அவள்தானே சொன்னாள்! கோபத்தில் விட்ட ஒரு சொல், இப்போது ஒரு பெண்ணின் வருஷத்தையே விழுங்கப் பார்க்கிறது. அவிழ்க்க வேண்டிய முடிச்சும் அவள் போட்டதாகவே போயிற்று.

ஆசிரியர் அறையில் நஸ்ரினை உட்கார வைத்துக் கேட்டாள். நஸ்ரினின் வீட்டில் வாணியம்பாடித் தமிழ். மௌலா அலிக்கு வந்து பத்து வருஷமானதில் அதில் பாதி ஹைதராபாத் கலந்துபோயிருந்தது.

"நேத்து காலேஜ் விட்டப்புறம் திரும்பி வந்தியா?"

"நக்கோ மேடம். வீட்லதான் இருந்தேன்."

"என் பீரோவைத் திறந்தது யாரு?"

"யாரும் திறக்கலைன்னு உங்களுக்கே தெரியும். சாவி உங்க ஹேண்ட்பேக்லதானே இருக்கு?"

உண்மைதான். பூட்டு உடையவில்லை. சாவி அவள் பையைவிட்டு நகரவில்லை.

"அப்ப எப்படித் தெரிஞ்சுது? சொல்லு. நான் உன்னைக் காப்பாத்தத்தான் கேட்கறேன்."

நஸ்ரின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"ஏற்கெனவே சொல்லிட்டேன் மேடம்."

"எப்போ? எங்கிட்டயா?"

"ஹவ், உங்ககிட்டதான். ரெண்டு வருஷம் முன்னாடி. அப்ப நம்பலை. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் திருடின்னு ஆனதுக்கப்புறம் சொன்னா நம்பிடுவீங்களா?"

ரமா எவ்வளவு குடைந்து யோசித்தும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வருஷத்துக்கு இருநூறு பிள்ளைகள், ஆளுக்கு ஆயிரம் சந்தேகம். எதைச் சொல்லுகிறாள் இந்தப் பெண்?

அடுத்தது சாய்கிருஷ்ணா. போலாரத்தில் வளர்ந்த தமிழ்ப் பையன், அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. ரமா தமிழில் கேட்பாள், அவன் அகப்பட்ட மொழியில் பதில் சொல்வான்.

"நஸ்ரின் உன் பேரைச் சொன்னாளே, அவளுக்கும் உனக்கும் ஏதாவது பேச்சு உண்டா?"

"லேது மேடம். க்ளாஸ்மேட், அவ்வளவுதான்."

"எட்டுல வந்திருக்கே. எப்படி?"

"லக் மேடம்." சிரித்தான். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. "ஜஸ்ட் லக்."

அவன் எழுந்து கதவைத் திறந்தபோது உள்ளே வந்துகொண்டிருந்த சூசைராஜ் சாருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். "நீங்க முன்னாடி போங்க சார்."

சூசைராஜ் உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் பொத்தென்று உட்கார்ந்தார். திருநெல்வேலிக்காரர். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு ஒரு இம்மி நகரவில்லை.

"தங்கமான பயல், என்னா ரமா? காலைல நான் லேப் வாசல்லதான் நின்னேன். மொத ஆளா வந்து நிக்கான். உள்ள போயிருக்கலாம்லா? போகலையே! வார பயலுவள, பிள்ளைகள, அத்தனை பேரையும் 'நீங்க முன்னாடி போங்க, நீங்க முன்னாடி போங்க'ன்னு விட்டுட்டு நின்னான். அந்த நஸ்ரின் பிள்ளையக் கூட அப்படித்தான் விட்டான். அது ஒரு மாதிரி அவனப் பாத்துச்சு, ரெண்டு நிமிசம் தயங்கி நின்னுச்சு, அப்புறம் போச்சு. அதுக்குப் பொறவுதான் இவன் போனான்."

"அவளுக்கு அப்புறம் இன்னும் யாரையாவது விட்டானா சார்?"

"இல்லையே. பொறவு எவனையும் விடல்ல. அவ போனதும் சடார்னு உள்ள பாஞ்சுட்டான்."

ரமா தலையாட்டினாள். மரியாதையான பையன் என்றுதான் அவளும் நினைத்தாள். நாமும் இருந்தால் அதைத்தான் நினைத்திருப்போம்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு லேபுக்குப் போனாள். ஃபிளாப்பியைப் போட்டு முதலில் ஃபைலின் தேதியைப் பார்த்தாள். யாராவது கை வைத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது. அவளே எழுதிச் சேமித்த அன்றைக்கு அப்புறம் ஒரு ஈ காக்காய் அதைத் தொடவில்லை.

அப்படியானால் திருட்டே நடக்கவில்லை. பூட்டும் சரி, சாவியும் சரி, ப்ரோக்ராமும் சரி. ஆனாலும் ஒருத்திக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. திரையைப் பார்க்காமல், பெஞ்சைப் பார்த்து.

பெஞ்சைப் பார்த்து!

ரமா திரும்பி அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். அடித்த வரிசையில் உட்கார வேண்டும் என்பது அவளே போட்ட விதி. அப்படியென்றால் நஸ்ரின் ஆட்களைப் பார்க்கவில்லை. இடத்தைப் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துப் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

அவசர அவசரமாக ஒன்றிலிருந்து அறுபது வரை வரிசையாக அடித்தாள். ஓட்டினாள். எட்டு எண்கள் வந்தன. கடைசி எண் பதினேழு. ப்ரோக்ராமை மூடித் திறந்து, மறுபடி ஒன்றிலிருந்து அறுபது வரை அடித்தாள். ஓட்டினாள்.

அதே எட்டு. அதே வரிசை. கடைசியில் அதே பதினேழு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கம்ப்யூட்டருக்கு உண்மையாகக் குலுக்கத் தெரியாது. அதனிடம் இருப்பது ஏற்கெனவே கலைத்து வைத்த ஒரு சீட்டுக்கட்டு மாதிரி. எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று நாம் ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். அந்த நிமிஷத்துக் கடிகார நேரத்தைக் கொடுத்துவிடுவது வழக்கம். சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் மேலே இருந்தே எடுக்கும். அதே சீட்டுகள், அதே வரிசை. ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் சோதனை பண்ணும்போது வேண்டுமென்றே அந்த வரியை விட்டுவைப்பார்கள். ஒரே விடை வந்தால் தப்பைக் கண்டுபிடிக்கச் சுலபம். எல்லாம் முடிந்ததும் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். ரமா சேர்க்கவில்லை. மறந்துபோனாள். நாலு வருஷமாக, ஒவ்வொரு குலுக்கலுக்கும் முந்தின நாள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, "ஓடுது" என்று மூடிவைத்தாள். இரண்டாம் தடவை ஓட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்போதுதான் அந்த ஞாபகம் வந்தது. எங்கே ஒளிந்திருந்ததோ! இரண்டாம் ஆண்டு லேப். பிள்ளைகளுக்கு மாதிரியாக இதே ப்ரோக்ராமைத்தான் கொடுத்தாள். "நம்ம டிபார்ட்மென்ட்ல நிஜமா ஓடறது இது," என்று பீற்றிக்கொண்டாள். மூலையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "மேடம், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே நம்பர்தான் வருது." ரமாவுக்கு அன்றைக்கு அவசரம். மீட்டிங் இருந்தது. "நீ எங்கயோ தப்பா அடிச்சிருக்கே. நாலு வருஷம் படிச்சுட்டு அப்புறம் என் ப்ரோக்ராம்ல தப்பு கண்டுபிடி. உட்காரு."

அந்தப் பெண்ணின் முகம் அன்றைக்கு மனசில் நிற்கவில்லை. இப்போது நின்றது.

மாலை நாலு மணி. துறைத் தலைவர் அறையில் ராகவேந்திரா, சூசைராஜ், எதிரே நின்றபடி நஸ்ரினும் சாய்கிருஷ்ணாவும். ரமா உட்காரவில்லை.

"சார், ஃபிளாப்பியை யாரும் தொடலை. என் ப்ரோக்ராம்லயே ஒரு வரி விட்டுப்போச்சு, எத்தனை தடவை ஓட்டினாலும் அதே எட்டு இடம்தான் வரும். நஸ்ரின் எதையும் திருடலை. இந்த இடத்தைத் திருடினது சாய்கிருஷ்ணா."

"மேடம்!" என்றான் அவன்.

"முதல் ஆளா வந்தவன் ஏன் உள்ளே போகலை? நாங்க எல்லாரும் அதை மரியாதைன்னு நினைச்சோம். அதுதான் எங்க கண்ணுக்குத் தப்பிச்சது. பதினேழாவதா அடிக்கறவனுக்கு இடம் நிச்சயம்னு உனக்குத் தெரியும். எத்தனை பேர் உள்ளே போறாங்கன்னு வாசல்ல நின்னு எண்ணினே. பதினஞ்சு பேர் போனப்புறம் நஸ்ரின் வந்தா. அவளுக்கு முன்னாடி நீ போயிருந்தா நீ பதினாறு, அவ பதினேழு. அதனால அவளையும் முன்னாடி போகச் சொன்னே. அவளுக்கு வழிவிடலை நீ. அவ இடத்தைப் பிடுங்கிக்கிட்டே. அதுக்கப்புறம் ஏன் ஒருத்தரைக்கூட முன்னாடி விடலை?"

சூசைராஜ் சார் ஆ என்று பார்த்தார். "அட படுபாவிப் பயலே," என்றார் மெதுவாக.

சாய்கிருஷ்ணா மறுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் முதல் தடவையாக முழுசாகத் தமிழில் பேசினான். "வரிசையில எங்க வேணா நிக்கலாம் மேடம். அதுக்கு ரூல் இல்லையே."

"தப்பு இருக்குன்னு தெரிஞ்சப்ப எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னவளுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தேனே மேடம். அன்னிக்கு அவ பக்கத்து சிஸ்டம்தான் நான்."

ரமாவுக்குச் சுருக்கென்று தைத்தது. நஸ்ரின் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்ததே. அவன் முன்னாடி போன்னு சொன்னப்ப நீ மாட்டேன்னு நின்னிருக்கலாம். இடம் உனக்கு வந்திருக்கும்."

"வாசல்ல அவன் எண்ணறதைப் பார்த்தேன் மேடம். புரிஞ்சுபோச்சு. அங்கயே நின்னிருந்தா நானும் அதைத்தானே பண்ணின மாதிரி? அதான் உள்ள போய் உட்கார்ந்து, அன்னிக்கு லேப்ல வந்த அந்த எட்டு நம்பரை வெச்சு, எல்லாருக்கும் கேட்கற மாதிரி சொன்னேன். இந்தத் தடவையாவது காதுல விழட்டும்னு."

பிள்ளைகள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு ராகவேந்திரா கதவைச் சாத்தினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ரமா, பையன் ஏமாத்தினான். அவனை எடுத்துடுவோம். பொண்ணு மேல ஒண்ணும் இல்லன்னு எழுதிடுவோம். அந்த விட்டுப்போன வரி ரிப்போர்ட்ல வேண்டாம். அடுத்த வாரம் உங்க ப்ரமோஷன் இன்டர்வியூ. ஏன் வம்பு?"

சபலம் தட்டத்தான் தட்டியது. தட்டவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு வரிதானே? யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ரமா மதியமே இன்னொன்றையும் பார்த்துவிட்டாள். அந்த எட்டு எண்களில் ஐம்பதுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. வராதவர்களின் நம்பர் எப்போதும் கடைசியில்தான் ஏறும். போன வருஷம் பாலா என்று ஒரு பையன், அப்பா காரியத்துக்காக சேலம் போயிருந்தான். திரும்பி வந்து கேட்டபோது, "உன் பேரையும் போட்டோம்பா, அதிர்ஷ்டம் இல்லை," என்று தட்டிக்கொடுத்து அனுப்பினாள். அதிர்ஷ்டமாவது மண்ணாவது! பேரை ஏற்றியபோதே அவனுக்கு வழி அடைத்திருந்தது.

"பையன் இன்னிக்குத்தான் சார் ஏமாத்தினான்," என்றாள். "நான் நாலு வருஷமா ஏமாத்தியிருக்கேன், எனக்கே தெரியாம. தெரிஞ்சப்புறமும் மூடி வெச்சா, அது தெரிஞ்சே பண்ணினது. நீங்க எழுதற ரிப்போர்ட்ல என் பேரை முதல்ல போடுங்க."

ராகவேந்திரா ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டார். "உங்க தலையெழுத்து," என்று பேனாவை எடுத்தார்.

மறுநாள் காலை அதே லேப். ரமா அறுபது பேர் முன்னால் நின்று, ப்ரோக்ராமில் இருந்த தப்பு தன்னுடையது, நஸ்ரினைக் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னாள். சாய்கிருஷ்ணாவைத் தவிர்த்து மற்ற ஐம்பத்தொன்பது பெயர்களையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, சூசைராஜ் சாரின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையில் ஹெல்மெட் குலுக்கல்! யாரும் சிரிக்கவில்லை.

சூசைராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் ரமா உள்ளுக்குள் ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு வந்தது. எட்டாவதும் வந்தது. வேணுகோபால்.

நஸ்ரின் பெயர் வரவில்லை.

சூசைராஜ் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "என் செமினார், நான் சொல்லுதேன். ஒம்பதாவதா ஒரு நாற்காலி போட்டா என்ன கெட்டுப்போச்சு? நஸ்ரின், நீ வந்துரு பிள்ள."

"நக்கோ சார்," என்றாள் அவள். "எல்லாருக்கும் எட்டுதான்."

வகுப்பு கலைந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ரமா வராந்தாவில் காத்திருந்தாள்.

"என் மேல கோபம் இருந்தா திட்டிடு நஸ்ரின். மனசுல வெச்சுக்காதே."

"திருடின்னு சொன்னதுக்கு இல்ல மேடம். அது நேத்திக்கு ஒரு நாள்தான். அன்னிக்கு லேப்ல உட்காருன்னு சொன்னீங்க பாருங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா நான் எந்த க்ளாஸ்லயும் ஒரு டவுட்கூட கேட்கலை. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ரமாவுக்குத் தெரியவே தெரியாது. நல்ல அமைதியான பெண் என்று போன வருஷம் அவளுடைய நடத்தைச் சான்றிதழில் எழுதிக்கொடுத்தவளே ரமாதான்.

"ஹப்சிகுடா பஸ் போயிடும் மேடம், வரேன்," என்று சொல்லிவிட்டு நஸ்ரின் படியிறங்கிப் போனாள்.